வகுப்புப் பிள்ளைகள் என் மகனைச் சேர்த்துக்கொள்வார்களா?

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் ஊர்ப் பாடசாலையில் தரம் 3 படிக்கிறான். ஓட்டிசம் (மற்றவர்களோடு பழகும் விதமும் சத்தம் போன்றவற்றை உணரும் விதமும் வேறுபடும் மூளை வளர்ச்சி நிலை) இருப்பதாக வைத்தியர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. வாசிப்பான், கணக்குச் செய்வான். ஆனால் இடைவேளையில் தனியே வேலியோரம் நடந்துகொண்டிருப்பான். சில பிள்ளைகள் ‘விசரன்’ என்று கூப்பிடுகிறார்கள். பிறந்தநாளுக்கு அவன் கொண்டுபோன இனிப்பை வாங்காமல் சிலர் ஓடிவிட்டார்கள். வகுப்பு ரீச்சர் நல்லவர், என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை. உறவினர்கள் விசேட கல்வி அலகு (விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பு) உள்ள பாடசாலைக்கு மாற்றச் சொல்கிறார்கள். “மாற்றவா? இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் என்றைக்காவது அவனைச் சேர்த்துக்கொள்வார்களா?”

தங்கச்சி, சேர்த்துக்கொள்வார்கள். வன்னியில் விசேட கல்வி ஆசிரியையாகப் பல வருடம் வேலை செய்தவள் என்ற முறையில் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் அது தானாக நடக்காது. ‘வளர வளரச் சரிவரும்’ என்று விட்டால் பெரும்பாலும் இடைவெளிதான் வளரும். தரம் 3 நல்ல வயது. அந்த வயதுப் பிள்ளைகள் ரீச்சர் எப்படி நடக்கிறாரோ அப்படியே நடப்பார்கள். தரம் 8, 9 வந்தால் ரீச்சரின் சொல்லைவிடக் கூட்டாளியின் சிரிப்புக்குத்தான் மதிப்பு.

பெரும்பாலான வீடுகளில் முயற்சி முழுவதும் பிள்ளையை மாற்றுவதிலேயே போய்விடுகிறது. ‘கண்ணைப் பார்த்துக் கதை’, ‘கையை ஆட்டாதே’, ‘போய் அவங்களோட விளையாடு’. பேச்சுச் சிகிச்சையும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையும் தேவையானவை. எங்கள் பக்கத்தில் அவை கிடைப்பதே கஷ்டம், கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் வகுப்பில் ஓர் இடம் கிடைக்க வேண்டுமென்றால், பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளைகள் அவனை அறிய வேண்டும். கற்றுக்கொள்ள வேண்டியவர்களில் அவர்களும் அடக்கம்.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கொனி கசாரி என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாதாரண வகுப்புகளில் படித்த, ஓட்டிசம் உள்ள 60 ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். சிலருக்கு ‘மற்றவர்களோடு எப்படிப் பழகுவது’ என்று ஒரு பெரியவர் தனியே சொல்லிக்கொடுத்தார். வேறு சில வகுப்புகளில், மூன்று வகுப்புத் தோழர்களைத் தெரிந்தெடுத்து, தனித்து நிற்கும் பிள்ளையை விளையாட்டுக்குள் எப்படிக் கூட்டிவருவது என்று அவர்களுக்குப் பழக்கினார்கள். ஆறு கிழமைதான். தோழர்களுக்குப் பழக்கிய வகுப்புகளில்தான் அந்தப் பிள்ளையின் பெயரை நண்பன் என்று சொன்னவர்கள் கூடினார்கள். மைதானத்தில் அவன் தனியே நின்ற நேரமும் குறைந்தது.

டேமியன் மில்டன் என்ற பிரித்தானிய ஆய்வாளர், அவரே ஓட்டிசம் உள்ளவர், அதே 2012இல் ஒரு விளக்கம் எழுதினார். ஓட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களை விளங்குவது கஷ்டம் என்றால், மற்றவர்களுக்கும் அவரை விளங்குவது அதேயளவு கஷ்டம். குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை என்றார். 2020இல் ஸ்கொட்லாந்தில் இதைச் சோதித்தார்கள். ஒரு கதையை ஒருவர் கேட்டு அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல, அப்படியே கடத்திக்கொண்டு போகச் சொன்னார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் கதை ஒரேயளவு நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் கூடுதலாகச் சிதைந்தது. உங்கள் மகனுக்குப் பழகத் தெரியாது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உறவினர் சொல்லும் காரணங்களுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிள்ளைப்பருவத்தில் பங்கருக்குள் இருந்ததால், முகாமில் வளர்ந்ததால் இது வந்தது என்பார்கள். இல்லை. ஓட்டிசம் பிறப்புக்கு முன்பே மூளை வளரும் விதத்தில் தொடங்குவது, பெரும்பகுதி மரபணு சார்ந்தது. சண்டையே காணாத நாடுகளிலும் இருக்கிறது. நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவர் என்பது உலகக் கணக்கு. இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்விலும் 93 பேருக்கு ஒருவர் என்றே வந்தது. போன் பார்த்ததால் வந்ததும் இல்லை, தடுப்பூசியால் வந்ததும் இல்லை. தடுப்பூசியைக் குற்றம் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் மீளப்பெற்றுவிட்டது. ‘அவனோட சேராதே, உனக்கும் வரும்’ என்று வீட்டில் சொல்லி அனுப்பும் பெற்றோரும் இருக்கிறார்கள். இனிப்பை வாங்காமல் ஓடிய பிள்ளைகளுக்குப் பின்னால் அப்படி ஒரு பேச்சு இருந்திருக்கலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இது தொற்றாது என்று அதிபர் வாயால் ஒரு தடவை சொல்லவையுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் சொன்னால் ஊரில் எடுபடும்.

சரி, வகுப்பில் என்ன செய்வது?

முதலில் ஒரு கிழமை ரீச்சர் எதையும் மாற்றாமல் இடைவேளையை மட்டும் பார்க்கட்டும். அவன் யார் பக்கத்தில் போய் நிற்கிறான், யார் அவனைக் கண்டு விலகவில்லை, எந்த விளையாட்டைத் தூரத்தில் நின்று பார்க்கிறான் என்று பார்க்க வேண்டும். அனேகமாக ஒருவனோ ஒருத்தியோ ஏற்கெனவே இருப்பார்கள், பெரியவர்களின் கண்ணில் படுவதில்லை. அந்தப் பிள்ளையோடு இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேருங்கள். வகுப்புத் தலைவனையும் முதலாம் பிள்ளையையும் தெரிவு செய்வதுதான் ரீச்சர்மாரின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கெட்டிக்காரப் பிள்ளை அதை ஒரு கடமையாக எடுத்து, இவனுக்குச் சின்ன ரீச்சராக மாறிவிடும். அமைதியான, அவசரப்படாத பிள்ளைதான் வேண்டும். படிப்பில் பின்னால் நிற்கும் ஒரு குழப்படிப் பையன் இதற்கு அருமையாக அமைவதையும் கண்டிருக்கிறேன்.

அடுத்தது அவர்களுக்கு என்ன சொல்வது. ஓட்டிசம் என்ற பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு, ரீச்சர் தன்பாட்டில் சொல்லக் கூடாது. உங்கள் மகனுக்கு எட்டு வயது, அவனிடமும் கேளுங்கள். அவனுக்கே இன்னும் சொல்லாத ஒன்றை வகுப்புக்குச் சொல்வது சரியில்லை. பெயர் சொல்லாமலே விளங்கவைக்க முடியும். நான் தரம் 3 பிள்ளைகளோடு கதைப்பது இப்படித்தான்:

“மழைக்குத் தகரத்தில சத்தம் கேட்டா உங்களுக்கு ஒண்டும் செய்யாது. அவனுக்கு அது காதுக்குள்ள குத்துற மாதிரி. அதுதான் பொத்துறான். கையை ஆட்டுறது சந்தோசம் வந்தாலும் பயம் வந்தாலும் செய்யிறது, அது அவனுக்கு உதவி. உங்களைப் பார்க்காட்டியும் நீங்க சொல்லுறது அவனுக்குக் கேட்கும். கேள்வி கேட்டா உடனே திருப்பிக் கேட்காதேங்கோ, கொஞ்சம் பொறுங்கோ, பதில் வரும். பின்னாலயிருந்து தொடாதேங்கோ. ‘வா விளையாட’ எண்டு மட்டும் சொல்லாமல், ‘வா, நீ இதில நில், நான் பந்தைப் போடுறன், நீ பிடி’ எண்டு சொல்லுங்கோ.”

இவ்வளவுதான். பத்து நிமிடம் போதும். ‘பாவம் பிள்ளை, அன்பாக நடக்க வேண்டும்’ என்று சொல்லித் தொடங்க வேண்டாம். இரக்கத்தோடு வரும் பிள்ளை நாலு நாள் கையைப் பிடித்துக் கூட்டித் திரியும், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொடுக்கும், பிறகு களைத்துவிடும். உங்கள் மகனும் தன்னால் இயன்றதைச் செய்யாமல் இருக்கப் பழகுவான். பிள்ளைகளுக்குத் தேவை செய்முறைத் தகவல். அவன் ஏன் அப்படிச் செய்கிறான் என்று விளங்கினால் பயம் பெரும்பாலும் அத்தோடு போய்விடும்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் விடயம். உதவி வாங்குபவனாக மட்டும் இருக்கும் பிள்ளைக்கு வகுப்பில் இடம் கிடைக்காது. மற்றவர்களுக்கு அவனிடம் வர ஒரு காரணம் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஓட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு, கிளிநொச்சி வயல்களுக்குத் தண்ணீர் தரும் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தில் தீராத விருப்பம். இன்றைக்கு எத்தனை அடி, நேற்று எத்தனை, போன வருடம் இதே நாளில் எத்தனை என்று வாய் ஓயாமல் சொல்வான். வீட்டில் எல்லோருக்கும் அது தொல்லை. ‘வேறு ஏதாவது கதை’ என்று நிறுத்துவார்கள். ஆனால் வன்னியில் மாரி பிறந்தால் யாருக்குத்தான் அந்தக் கணக்கு வேண்டாம்? வான்கதவு திறந்தால் கண்டாவளைப் பக்கம் வெள்ளம். 2018 மார்கழி வெள்ளத்தை ஒருவரும் மறக்கவில்லை. குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்துத்தான் சிறுபோக நெல்லுக்கு (மாரி முடிந்த பிறகு செய்யும் போகம்) எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கிறார்கள். அந்த வகுப்பில் பாதிப் பேர் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைகள்.

வகுப்பாசிரியை யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன இளம் பிள்ளை. அவருக்குத்தான் அந்த யோசனை வந்தது. சுவரில் ஒரு பெரிய கட்டத் தாளை ஒட்டினார். தினமும் காலையில் இவன் நீர்மட்டத்தைச் சொல்ல வேண்டும், இன்னொருவன் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். இவனுக்குப் பென்சில் பிடிப்பது கஷ்டம், மற்றவனுக்கு எண்கள் நினைவில் நில்லாது. ஆளை ஆள் தேவைப்பட்டது. கொஞ்ச நாளில் வாசலில் செருப்பைக் கழற்ற முன்னமே ‘இண்டைக்கு எத்தனை அடி?’ என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். வீட்டில் தகப்பன்மாருக்குப் போய்ச் சொல்ல வேண்டுமே! ஒருநாள் ஒரு பையன், தன் அப்பா சொன்ன கணக்கு வேறு என்று இவனோடு சண்டை பிடித்தான். இவன் கத்தினான், அழுதான், மற்றவனும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கேட்டுப் பார்த்ததில் இவன்தான் சரி. அந்தச் சண்டையைப் பார்த்து எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமில்லை. ‘பாவம்’ என்று நினைக்கும் ஒருவனோடு யாரும் அப்படிச் சரிக்குச் சரி சண்டை பிடிப்பதில்லை.

ஓட்டிசம் உள்ள எல்லோருக்கும் இப்படி ஒரு திறமை இருக்கும் என்று நான் சொல்லவில்லை. வாயால் கதைக்காத பிள்ளைகளுக்கும் வகுப்பில் வேலை கொடுக்கலாம். கொப்பிகளைப் பகிர்வது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வரவு அட்டையில் பெயர்களை மாற்றிவைப்பது போன்றவை. படத்தைக் காட்டிக் கதைக்கும் பிள்ளையென்றால், பக்கத்தில் இருக்கும் இருவருக்கும் அந்தப் படங்களைப் பழக்குங்கள். ஒரே நிபந்தனைதான், அந்த வேலை உண்மையில் வகுப்புக்குத் தேவையானதாக இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு எது விருப்பம் என்று நீங்கள் எழுதவில்லை. பஸ் நேரமோ, மாடுகளோ, கொடிகளோ, எதுவாக இருந்தாலும் ரீச்சரிடம் சொல்லுங்கள்.

இடைவேளைக்கு வருவோம். அந்த நேரத்துக்கு ஒழுங்கும் இல்லை, பெரியவரும் இல்லை. கிளித்தட்டு மாதிரி ஓடி, தொட்டு, கத்தி, நொடிக்கு நொடி மாறும் விளையாட்டில் அவனைத் தள்ளிவிட்டால் அவனும் களைப்பான், அணியும் அவனை வெறுக்கும். முறை வைத்து ஆடும் விளையாட்டில் தொடங்குங்கள். கெந்தி, கொக்கான், தாயம் எல்லாம் சரி, அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள், ஒரு மரத்தின் கீழ், அதே பிள்ளைகள், அதே விளையாட்டு, பத்து நிமிடம். மீதி நேரத்தை அவனிடமே விட்டுவிடுங்கள். வகுப்புச் சத்தத்துக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு வேலியோர நடைதான் ஓய்வு, அதைப் பறிக்கக் கூடாது. அவன் விரும்பித் தனித்திருக்கிறானா, ஒதுக்கப்பட்டுத் தனித்திருக்கிறானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இடைவேளை முடிந்து வரும்போது அமைதியாக வந்தால் அது ஓய்வு. மற்றவர்கள் விளையாடுவதைச் சுற்றிச் சுற்றி வந்து, மணியடிக்கும்போது கலங்கிப்போய் வந்தால் அவனுக்குச் சேர ஆசை, வழி தெரியவில்லை.

அவன் கத்தி அழுது கட்டுப்பாடு இழக்கும் நேரம்தான் பிள்ளைகளை மிகவும் பயமுறுத்துவது. அதற்கென்று ஓர் ஒழுங்கு முன்கூட்டியே இருக்கட்டும். எல்லோரும் கொஞ்சம் தள்ளிப்போவது, தொடாமல் இருப்பது, ஒருவர் மட்டும் ரீச்சரைக் கூப்பிடுவது, அவன் திரும்பி வந்ததும் ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுவது. அதைவிட நல்லது அந்த நிலை வராமல் பார்ப்பது. தகரக் கூரை வகுப்பென்றால் மழை நேரத்தில் அவனுக்குக் கட்டட நடுப்பக்கம் இடம் கொடுங்கள். காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட்டம் தொடங்க வெடி வைக்கிறார்கள். அதை விசிலாகவும் கொடியாகவும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடும் பெரியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கும் அது நல்லதுதான்.

கேலியைப் பொறுத்தவரை, ‘விசரன்’ என்ற சொல்லை ரீச்சர் கேட்ட அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், பெரிய விசாரணை தேவையில்லை. ஆனால் இன்னொரு வகையைக் கவனியுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் அவனுக்கு இருந்தால், கெட்ட வார்த்தையைச் சொல்லவைத்துச் சிரிப்பார்கள், பிறகு அவனே அடி வாங்குவான். அவனுக்கு அது விளையாட்டில் சேர்த்துக்கொண்ட மாதிரி இருக்கும், வீட்டில் சொல்லவும் மாட்டான். யார் சொல்லித்தந்தது என்று அவனைக் குறுக்குவிசாரணை செய்யாமல், இடைவேளையில் யாரோடு நின்றான் என்று மற்றவர்களிடம் கேளுங்கள். அடிப்பதென்பது எந்தப் பிள்ளைக்கும் ஆகாது, கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடைசெய்திருக்கிறது.

விசேட கல்வி அலகுக்கு மாற்றுவது பற்றி. நல்ல ஆசிரியர் உள்ள அலகு சில பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. அதை ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மகன் வாசிக்கிறான், கணக்குச் செய்கிறான், வகுப்பைப் பின்தொடர்கிறான். மற்றப் பிள்ளைகள் சேர்க்கவில்லை என்பதற்காக அவனை எடுத்தால், புதிய இடத்திலும் அதே பிரச்சினை அவனுக்காகக் காத்திருக்கும், போதாததற்கு தூரப் பயணமும் சேரும். ஊர்ப் பாடசாலையின் வகுப்பு சிறியது, இவனோடு படிப்பவர்கள் கோயிலிலும் கடையிலும் ஒழுங்கையிலும் காண்பவர்கள். இந்த வசதியைத் தூரத்தில் வாங்க முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாற்ற மாட்டேன். உங்கள் பாடசாலையை விட்டுப் போகச் சொல்லி யாராவது அழுத்தினால், உங்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழப்பைக் காரணம் காட்டிக் கல்வி நிலையங்களில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. 2016இலிருந்து 5 முதல் 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயம். வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தித்து, உங்கள் வகுப்பாசிரியருக்கு வழிகாட்ட ஓர் ஆசிரிய ஆலோசகரை அனுப்பும்படி கேளுங்கள்.

சில தாய்மார் நாள் முழுவதும் வகுப்பில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களின் தவிப்பு எனக்கு விளங்கும். ஆனால் பெரியவர் ஒருவர் ஒட்டிக்கொண்டு இருக்கும் வரை பிள்ளைகள் கிட்ட வர மாட்டார்கள். நீங்களும் அப்படி இருக்கிறீர்கள் என்றால் முதலில் விறாந்தைக்கு மாறுங்கள், அப்புறம் வாசல் மரத்தடிக்கு, பிறகு வீட்டுக்கு. ஒரேயடியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள், அவனிடம் முதலே சொல்லுங்கள்.

கடைசியாக, எங்கள் பிரதேசத்துக்கே உரிய ஒரு சிக்கல். வன்னியில் ஆசிரியர்கள் அடிக்கடி இடமாற்றம் பெற்றுப் போவார்கள். ஒரு ரீச்சர் ஒரு வருடம் கஷ்டப்பட்டு அறிந்ததெல்லாம் அவரோடு பஸ் ஏறிவிடும். அதனால் ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிவையுங்கள். அவனுக்கு விருப்பமானவை, தாங்க முடியாதவை, கலங்கினால் உதவுபவை, இப்போது பழகும் பிள்ளைகளின் பெயர்கள். நோயின் பெயரையும் மருந்தையும் கொண்டு தொடங்காதீர்கள், அவனைக் கொண்டு தொடங்குங்கள். வருடத் தொடக்கத்தில் புதிய வகுப்பாசிரியருக்கு ஒரு பிரதி, அதிபரின் கோவைக்கு ஒரு பிரதி. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு மேலதிக நேரம் தேவைப்பட்டால், வைத்தியர் கடிதத்தோடு அதிபர் ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அதையும் அந்தக் கடிதத்தின் அடியில் குறித்துவையுங்கள். உங்கள் பாடசாலை தரம் 5 வரைதான் என்றால், தரம் 6க்கு அவன் போகும் பாடசாலைக்கு அந்த மூன்று நாலு பேரில் யார் போகிறார்கள் என்று முந்திய வருடமே பெற்றோரிடம் கேட்டு, அவர்களில் ஒருவரையாவது அவனோடு ஒரே பிரிவில் விடும்படி புதிய அதிபருக்கு எழுதிக் கொடுங்கள்.